பேனிக் அட்டாக் வரும்போது என்ன செய்வது, யாரைத் துணைக்கு வைத்துக்கொள்வது

வடசென்னையின் திருவொற்றியூரிலிருந்து, சென்ட்ரலை ஒட்டியிருக்கும் மூர் மார்க்கெட் நிலையத்துக்கு மின்சார ரயிலில் தினமும் போய்வருபவர்களுக்குப் பேசின் பிரிட்ஜ் சிக்னலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொருக்குப்பேட்டையைத் தாண்டிய வண்டி, வெளியூர் வண்டி ஏதாவது முன்னே போகவேண்டியிருந்தால், தண்டவாளத்தின் நடுவில் நின்றுவிடும். ஐந்து நிமிடமா இருபது நிமிடமா என்பது யாருக்கும் தெரியாது. எனக்கு முதல் பேனிக் அட்டாக் அந்த இடத்தில்தான் வந்தது. பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அது வருடக் கணக்கு முடிக்கும் சமயம், முந்தைய இரவு சரியான தூக்கம் இல்லை, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டீ குடித்திருந்தேன். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தவனுக்குத் திடீரென்று நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது, மூச்சு முட்டியது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது, விரல்கள் மரத்து உள்ளே மடங்கின. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. இங்கேயே சாகப்போகிறேன் என்ற ஒரே நினைப்புதான் இருந்தது.

வலிப்பு என்று நினைத்த ஒரு பெரியவர் தன் சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். (வலிப்புக்கு இரும்பு மருந்தல்ல, ஆனால் அந்தச் சாவிகளின் குளிர்ச்சியும் கனமும் என் கவனத்தை நெஞ்சிலிருந்து கைக்கு இழுத்துவந்தன என்பதை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.) அன்று காட்டிய தனியார் மருத்துவமனையில் இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, கேஸ்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி நான்கு மாதம் வாயு மாத்திரை விழுங்கினேன். அந்த நான்கு மாதத்தில் ஒன்பது முறை வந்தது. வந்தவருக்கு மட்டுமல்லாமல், அவர் பக்கத்தில் உட்காரப்போகிறவருக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இதயத்தைப் பார்த்துவிடுங்கள்

முதல் முறை நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும்போது, அது பேனிக் அட்டாக்கா மாரடைப்பா என்று வீட்டில் இருப்பவர்கள் தீர்மானிக்கக் கூடாது. அனுபவமுள்ள மருத்துவர்களே இசிஜியும் இரத்தப் பரிசோதனையும் இல்லாமல் அப்படிச் சொல்லமாட்டார்கள். நெஞ்சில் பாறையை வைத்ததுபோன்ற அழுத்தம், இடது கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, படி ஏறும்போதோ சுமை தூக்கும்போதோ தொடங்கி ஓய்வெடுத்தால் குறையும் வலி, மயங்கி விழுதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெரிய வலி இல்லாமலேயே மாரடைப்பு வருவதுண்டு.

இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகும், தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. தைராய்டு கூடுதலாகச் சுரப்பதும் இரத்த சோகையும் ஏறக்குறைய இதே படபடப்பைக் கொடுக்கும். பரிசோதனைகளை ஒருமுறை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் மூன்று இடங்களில் ஐந்து இசிஜி எடுத்தேன். ஒவ்வொன்றும் ஒரு வாரம் நிம்மதி தந்தது, அதன்பிறகு அந்தக் காகிதத்தின் மேலேயே சந்தேகம் வந்தது.

உள்ளே என்ன நடக்கிறது

ஆபத்து வந்தால் ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடலைத் தயார்செய்யும் ஏற்பாடு ஒன்று நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. சாலையில் பேருந்து மோத வந்தால் யோசிக்காமல் பின்னால் குதிக்கிறோமே, அதுதான். பேனிக் அட்டாக்கில் பேருந்து இல்லாமலேயே அந்த ஏற்பாடு இயங்கிவிடுகிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் பாய்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, வியர்க்கிறது, மூச்சு மேலும் கீழுமாக வாங்குகிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. தலைசுற்றல், விரல் மரத்துப்போதல், கை மடங்கிக்கொள்ளுதல் எல்லாம் பெரும்பாலும் அதனால்தான். மூச்சு முட்டுவதுபோல் தோன்றினாலும் அந்த நேரத்தில் உடலில் ஆக்சிஜனுக்குக் குறைவிருக்காது.

இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன் என்று கேட்கலாம். 1986-ல் டேவிட் கிளார்க் என்ற இங்கிலாந்து உளவியலாளர் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்: உடலில் ஏற்படும் சிறிய மாற்றத்தை நாம் பேராபத்து என்று பொருள்கொள்கிறோம், அந்தப் பயம் மாற்றத்தைப் பெரிதாக்குகிறது, பெரிதான மாற்றம் பயத்தை இன்னும் பெரிதாக்குகிறது. செக்கு மாடு சுற்றுவதுபோன்ற இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் நிறுத்தவேண்டும். "இது அட்ரினலின், இது மாரடைப்பு அல்ல" என்று தெரிந்திருப்பது அப்படி நிறுத்தும் இடங்களில் ஒன்று. பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும். களைப்பு மட்டும் சில மணி நேரம் இருக்கும்.

ஒருமுறை வந்ததாலேயே அது நோயாகிவிடாது. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற கவலையோ அதற்குப் பயந்து இடங்களைத் தவிர்ப்பதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் மருத்துவர்கள் அதைப் பேனிக் டிஸார்டர் என்கிறார்கள்.

வந்துவிட்டால்

நம் ஊரில் உடனே சொல்வது, "நல்லா மூச்ச இழுத்து விடு" என்பது. நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் தவறான அறிவுரை இது. ஏற்கெனவே அதிகமாக மூச்சு வாங்குபவர் இன்னும் ஆழமாக இழுத்தால் மரத்துப்போதலும் தலைசுற்றலும் கூடும். கவனிக்கவேண்டியது வெளிவிடும் மூச்சை. மூக்கு வழியாக, சாதாரண அளவில், நான்கு எண்ணும்வரை உள்ளே. உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுவதுபோல, ஆறு எண்ணும்வரை வெளியே. மார்பு தூக்காமல் வயிறு மட்டும் எழுந்து அடங்கவேண்டும். எண்ணிக்கை தவறினால் பரவாயில்லை, வெளிவிடும் மூச்சு நீளமாக இருந்தால் போதும். காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். உண்மையில் ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்தாக முடியும்.

நின்றுகொண்டிருந்தால் உட்காருங்கள், இடம் இல்லையென்றால் சாய்ந்துகொள்ளுங்கள். மயங்கி விழுந்துவிடுவோம் என்ற பயம்தான் பலருக்குப் பெரிது. மயக்கம் பொதுவாக இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வருவது, பேனிக் அட்டாக்கின்போது அழுத்தம் பெரும்பாலும் ஏறியிருக்கிறது. அதனால் விழுவது அரிது. பிறகு கண்ணுக்கு வேலை கொடுங்கள். நான் ரயிலில் தொங்கும் கைப்பிடிகளை எண்ணுவேன், எது ஆடுகிறது எது ஆடவில்லை என்று பார்ப்பேன், எதிரில் மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கூடையில் எத்தனை வரிசைப் பின்னல் என்று எண்ணுவேன். சட்டைப் பையில் ஒரு பழைய பூட்டுச் சாவி எப்போதும் இருக்கும். தண்ணீர் கிடைத்தால் முகத்தில் தெளித்துக்கொள்ளலாம், சின்னச் சின்ன மடக்காகக் குடிக்கலாம்.

இதையெல்லாம் செய்தும் படபடப்பு நிற்கவில்லையே என்று கோபப்படாதீர்கள். இவை அதை நிறுத்துவதற்கான வித்தைகள் அல்ல, அது போய்முடியும்வரை உட்கார்ந்திருக்க உதவுபவை. காசிமேட்டில் கடலில் இறங்கிப் பழகியவர்கள் அலை வரும்போது அதை எதிர்த்துத் தள்ளமாட்டார்கள், தோளைக் கொடுத்துத் தலைக்கு மேல் போகவிடுவார்கள். எனக்கு அந்த உவமைதான் எந்த மருத்துவ விளக்கத்தையும்விட உதவியது.

துணையாக யார், எப்படி

எனக்கு வந்த ஒன்பதில் மூன்று, அக்கா வீட்டில் இருக்கும்போது வந்தவை. முதல் முறை அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள், நெற்றியில் தைலம் தேய்த்தாள், விபூதி பூசினாள், அழுதுகொண்டே மூன்று சொந்தக்காரர்களுக்குப் போன் செய்தாள். அரை மணி நேரத்தில் வீடு நிறைய ஆட்கள். எனக்குப் படபடப்பு அடங்கிப் போயிருந்தது, ஆனால் வந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் மறுபடியும் தொடங்கியது. யாரும் அன்பில்லாமல் எதையும் செய்யவில்லை. என்ன செய்யவேண்டும் என்று அவர்களுக்கு நான் சொன்னதே இல்லை என்பதுதான் குறை.

ஆகவே உதவி கேட்பதை, வரும் நேரத்தில் கேட்காமல், நன்றாக இருக்கும் நேரத்தில் கேட்டு வைத்துவிடுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது கேட்டேன். "அக்கா, எனக்கு அப்படி வந்தா நீ ஒண்ணும் பண்ண வேணாம், பக்கத்துல உக்காந்தா போதும்" என்றேன். "ஒண்ணும் பண்ணாம எப்படிடா உக்கார்றது?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிரு என்று யாரிடம் சொன்னாலும் அவர்களால் முடியாது, அவர்களுக்கும் ஒரு வேலை வேண்டும். அதனால் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்லும் வேலையை அவளுக்குக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது அக்கா என் எதிரில் தரையில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "மூணு நிமிஷம் ஆச்சு" என்றாள். சற்றுக் கழித்து, "ஏழு ஆச்சு, போன தடவையும் இந்நேரம்தான் இறங்கிச்சு" என்றாள். அவள் குரலில் பதற்றம் இல்லை என்பதே எனக்குப் பாதி மருந்தாக இருந்தது.

துணையிருப்பவர் தெரிந்துகொள்ளவேண்டியவை அதிகம் இல்லை. "ஒன்றும் இல்லை" என்று சொல்லாதீர்கள். அவருக்கு இருப்பது உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். "பயமாக இருக்கிறது இல்லையா, இது இறங்கிவிடும், நான் இங்கேயே இருக்கிறேன்" என்பது போதும். கேட்காமல் தொடாதீர்கள், சிலருக்குக் கையைப் பிடித்தால் ஆறுதல், சிலருக்கு அதுவே மூச்சை அடைக்கும். கேள்விமேல் கேள்வி கேட்காதீர்கள். கூட்டம் கூடினால் அதை விலக்குவது நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. ஆனால் வழக்கத்துக்கு மாறான வலியோ மயக்கமோ இருந்தால், பழைய கதைதான் என்று விட்டுவிடாமல் 108-ஐக் கூப்பிடவேண்டும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் சொந்தபந்தத்தின் நெருக்கத்தைவிட நிதானம் முக்கியம். தானே எளிதில் பதறுபவர், அடுத்த சண்டையில் இதை எடுத்து வீசுபவர், நாலு பேர் நடுவில் கேலியாக்குபவர் ஆகியோர் எவ்வளவு நெருங்கியவரானாலும் இதற்கு ஆகமாட்டார்கள். வேலையிடத்தில் முழுக் கதையையும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. எங்கள் கடையில் குடோனைப் பார்த்துக்கொள்ளும் பாயிடம், "பாய், எனக்கு எப்பவாவது படபடன்னு வரும், பத்து நிமிஷம் குடோன்ல உக்காந்துட்டு வருவேன், முதலாளி கேட்டா பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. மறுநாள் குடோனில் மின்விசிறிக்குக் கீழே ஒரு ஸ்டூல் போடப்பட்டிருந்தது.

வீட்டில் பெண்களுக்கு இது வந்தால் நிலைமை இன்னும் கடினம் என்பதையும் சொல்லவேண்டும். வேலை செய்யாமலிருக்க நடிக்கிறாள் என்பார்கள், அல்லது காத்து கருப்பு என்பார்கள். வாயால் விளக்கி அவர்களை நம்பவைக்க முயல்வதைவிட, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கணவரையோ மாமியாரையோ உடன் அழைத்துப்போய், மருத்துவர் வாயாலேயே அதைக் கேட்கவைப்பது பயன் தரும். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவதையும் தர்காவில் ஓதி ஊதுவதையும் பற்றி நான் சண்டை போடுவதில்லை; எங்கள் அம்மா கட்டிய தாயத்து இன்னும் என் கையில் இருக்கிறது. மருந்தை நிறுத்தச் சொல்லாதவரை, அடித்துத் துன்புறுத்தாதவரை, அது அவர்களுடைய அக்கறையின் மொழி என்று எடுத்துக்கொள்கிறேன்.

தவிர்த்த இடங்களுக்குத் திரும்புவது

முதல் அட்டாக்குக்குப் பிறகு நான் ரயிலை விட்டுவிட்டுப் பேருந்தில் போனேன். அப்புறம் கூட்டமான பேருந்தும் ஆகவில்லை, ஷேர் ஆட்டோ. அப்புறம் மாப்பிள்ளை பைக்கில் கொண்டுபோய் விட்டால்தான் வேலைக்கு என்றாயிற்று. ஒவ்வொரு தவிர்ப்பும் அன்றைக்கு நிம்மதி தரும், மறுநாளைக்கு உலகத்தை ஒரு தெரு அளவு சுருக்கிவிடும். இதைத் திரும்ப விரிப்பது படிப்படியாகத்தான் முடியும், இயன்றால் உளவியல் ஆலோசகர் ஒருவரின் வழிகாட்டலோடு.

நான் செய்தது இது. முதல் வாரம் திருவொற்றியூர் நடைமேடையில் கால் மணி நேரம் உட்கார்ந்து, வண்டிகள் வருவதையும் போவதையும் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். அடுத்த வாரம் கூட்டமில்லாத மதிய நேரத்தில் அக்காவோடு தண்டையார்பேட்டை வரை. பிறகு கொருக்குப்பேட்டை வரை, அக்கா அடுத்த பெட்டியில். படபடப்பு வந்ததும் இறங்கி ஓடாமல், அது இறங்கத் தொடங்கும்வரை அங்கேயே இருப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். பாதியில் ஓடிவந்தால் ஓட்டம்தான் காப்பாற்றியது என்று மனம் கற்றுக்கொள்ளும். சுரங்கத்துக்குப் பயப்படுபவர்களுக்கு மெட்ரோ வசதியானது. வண்ணாரப்பேட்டையில் ஏறினால் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை என்று இரண்டு நிலையங்கள் பூமிக்குக் கீழே, அதன்பிறகு வண்டி வெளிச்சத்துக்கு ஏறிவிடும். அளந்து கொடுத்த பயிற்சிபோல் இருக்கும்.

டீ, காபி, சிகரெட் ஆகியவற்றைக் குறைத்தால் பலருக்கு வித்தியாசம் தெரியும். படபடப்பை அடக்கக் குவார்ட்டர் அடிப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: அன்று இரவு அடங்கும், மறுநாள் காலையில் போதை இறங்கும்போது இரட்டிப்பாக வரும்.

மருத்துவம்

இந்த ஊரில் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். 1794-ல் தொடங்கிய மரபைக் கொண்ட அங்குள்ள அரசு மனநலக் காப்பகத்தில், தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் வெளிநோயாளியாகச் சீட்டு வாங்கி, மாத்திரையோடு வீடு திரும்புபவர்களும் உண்டு. அங்கே போக மனம் வரவில்லையென்றால், பழைய வண்ணாரப்பேட்டையில் நமக்கெல்லாம் பழக்கமான ஸ்டான்லி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எப்போதெல்லாம் வந்தது, எங்கே, எத்தனை நிமிடம், அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், வரிசை நீளமாக இருக்கும் நாளிலும் மருத்துவர் உங்களைச் சரியாகப் புரிந்துகொள்வார்.

எண்ணங்களையும் தவிர்ப்பையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் ஆகிய இரண்டும் இதற்கு நன்றாக வேலை செய்பவை. மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும், முதல் சில நாட்கள் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். அதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள், நன்றாகிவிட்டது என்றும் சொந்தமாக நிறுத்திவிடாதீர்கள். உடனே அடக்கும் அல்பிரசோலம் போன்றவற்றை மருத்துவர் குறுகிய காலத்துக்குக் கொடுப்பதுண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார், தெரிந்த மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைத்தது என்று அவற்றைத் தொடர்ந்து சாப்பிட்டால் அவை இல்லாமல் இருக்கமுடியாத நிலை வந்துவிடும்.

இரவு இரண்டு மணிக்குப் பேச ஆளில்லை என்றால் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற இந்த அரசு மனநல உதவி எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் காத்திருக்காதீர்கள். அன்றே அழையுங்கள், அன்றே யாரையாவது உடன் இருக்கச் சொல்லுங்கள்.

துணை எப்போது விலகவேண்டும்

இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. அக்கா இருந்தால் வராது என்று ஆனபிறகு, அக்கா இல்லாவிட்டால் வந்துவிடும் என்றும் ஆயிற்று. துணையே புதிய தவிர்ப்பாக மாறியிருந்தது. அவளுக்கும் குடும்பம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், காலையில் தண்ணீர் லாரி என்று ஆயிரம் வேலைகள். ஆலோசகர் சொன்னபடி நாங்கள் அதையும் படிப்படியாகக் குறைத்தோம். முதலில் ஒரே பெட்டியில், பிறகு அடுத்த பெட்டியில், பிறகு அக்கா வீட்டில் இருக்க நான் போனில் பேசிக்கொண்டே போவது, பிறகு பேசாமல் வாட்ஸ்அப்பில் மட்டும். கடைசிக் கட்டத்தில், செய்தி அனுப்பினால் உடனே பதில் போடக்கூடாது, பத்து நிமிடம் கழித்துத்தான் போடவேண்டும் என்று அவளிடமே கேட்டுக்கொண்டேன். அவளுக்கு அது என்னைவிடக் கஷ்டமாக இருந்தது என்று பின்னால் சொன்னாள்.

போன வாரம் வண்டி அதே இடத்தில் நின்றது. லேசாகத் தொடங்கியது. "பேசின் பிரிட்ஜ்" என்று மட்டும் தட்டி அனுப்பிவிட்டுக் கைப்பிடிகளை எண்ண ஆரம்பித்தேன். மூர் மார்க்கெட்டில் இறங்கி வெளியே வந்து, பாரிமுனைக்கு ஷேர் ஆட்டோ ஏறிய பிறகுதான் பதில் வந்தது: "துணி துவைச்சிட்டு இருந்தேன்டா. எத்தன நிமிஷம்?"

நான் கடிகாரத்தைப் பார்த்திருக்கவில்லை.